கார்டா, ஸ்லைடா? கட்டுமான சைட்டில் ஒரு மலேரியா களப்பணி

விரலை ஒரு முறைதான் குத்தினோம். வந்த ரத்தத்தில் ஒரு துளி, உடனே பதில் சொல்லும் மலேரியா பரிசோதனைக் கார்டுக்கு; மீதி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கான கண்ணாடி ஸ்லைடுக்கு. பொதுச் சுகாதாரப் படிப்பின் களப்பணிக்காக, மே மாதம் தொடங்கி மழைக்கு முன்புவரை, சென்னையின் தென்பக்கத்தில் ஓ.எம்.ஆரை ஒட்டிய கட்டுமான சைட்டுகளில் இதுதான் எங்கள் வேலை. காய்ச்சல் என்று வருபவருக்குக் கார்டு சொல்லும் பதிலும் மைக்ராஸ்கோப்பில் தெரிவதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன, எதை எங்கே நம்பலாம் என்று பார்க்க வேண்டும்.

ஏன் கட்டுமான சைட்? சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். மொட்டைமாடித் தொட்டி, கிணறு, அப்புறம் புதுத் தளத்தில் கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீர். ஊரில் நெடுங்காலமாக இருப்பது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா ஒட்டுண்ணி. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் ஃபால்சிபாரம் வகை அதிகம். அங்கிருந்து வேலைக்கு வருகிறவர் உடம்பில் அதுவும் இருக்கலாம். இதை அவர்கள் மேல் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. கொசு வளர்வது நாம் தேக்கிவைத்த தண்ணீரில்தான். ஆனால் இரண்டு வகையும் ஒரே தகரக் கொட்டகையில் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனை 'மலேரியா உண்டு' என்று சொன்னால் போதாது, எந்த வகை என்றும் சொல்லியாக வேண்டும். வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினும் பதினான்கு நாள் பிரைமாகுயினும். ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து, அதோடு ஒரே ஒரு வேளை பிரைமாகுயின். உயிரைப் பறிக்கும் அளவுக்கு வேகமாக முற்றுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம்தான்.

முதலில் கார்டு. ஐந்து மைக்ரோலிட்டர் ரத்தம், ரத்தத்தைக் கார்டில் ஓடவைக்கும் பஃபர் திரவம் சில சொட்டு, பதினைந்து இருபது நிமிடம். கரன்ட் வேண்டாம், லேப் வேண்டாம். கார்டில் ஒரு கோடு எச்ஆர்பி2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது, அதை வெளியிடுவது ஃபால்சிபாரம் மட்டும். இன்னொரு கோடு வைவாக்ஸின் எல்டிஹெச் நொதிக்கு. மூன்றாவது கன்ட்ரோல் கோடு. அது விழாவிட்டால் கார்டு செல்லாது.

எழுதும்போது இவ்வளவு சுலபம். சைட்டில் முதல் நாளே திணறினோம். கம்பி கட்டும் ஓர் இளைஞர் கையை நீட்டினார். விரல் நுனி முழுக்கச் சிமென்ட் அரித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. லான்செட் ஊசி இறங்கியும் ரத்தம் பொட்டு மாதிரிதான் வந்தது. அழுத்திப் பிதுக்கினால் ரத்தத்தோடு சதை நீரும் கலந்து நீர்த்துப்போகும். வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றிவைத்து, பக்கவாட்டில் குத்திய பிறகுதான் நல்ல துளி வந்தது. மேஸ்திரி பின்னால் நின்று, "சீக்கிரம் முடிங்கம்மா, கான்கிரீட் லாரி வந்து நிக்குது" என்றார். அந்தப் பதினைந்து நிமிடமே அங்கே பெரிய நேரம். மறுநாள் வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் ஒருவரும் வர மாட்டார்கள். அரை நாள் கூலி போய்விடும். அவர் வேலைக்குத் திரும்பும் முன்னே பதில் கையில் இருப்பதுதான் கார்டின் முழு பலம். அது சாதாரண பலம் இல்லை.

பலவீனமும் அங்கேயேதான் தெரிந்தது. எங்கள் கார்டு பெட்டியில் 4 முதல் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சிட்டிருந்தது. முதல் வாரத்தில் ஒரு மதியம் முழுக்க அதை ஸ்கூட்டர் டிக்கியில் மறந்துவிட்டோம். மே மாத வெயில். அன்றைக்கு அந்தக் கார்டுகளில் கன்ட்ரோல் கோடு ஒழுங்காகத்தான் விழுந்தது. ஆனால் அந்தக் கோடு திரவம் சரியாக ஓடியது என்பதற்குத்தான் சாட்சி. நோயைப் பிடிக்கும் கோடு வெயிலில் பலம் இழந்ததா இல்லையா என்று அது சொல்லாது. பெட்டி முழுவதையும் ஒதுக்கினோம், அன்று எடுத்த முடிவுகளையும் கணக்கில் சேர்க்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்ததும் பயன்படுத்த வேண்டும் என்பதையும் கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் மறக்கக் கூடாது. மங்கலான கோடு விழுந்தால் பாசிட்டிவ்தான், எவ்வளவு மங்கல் என்ற வாதம் கிடையாது. கொட்டகை நிழலில் பார்த்து 'இல்லை' என்றதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து 'உண்டு' என்று மாற்றியிருக்கிறோம். அதனால்தான் ஒவ்வொரு கார்டையும் இருவர் தனித்தனியே படித்தோம். ஸ்லைடு பார்ப்பவருக்குக் கார்டு முடிவைச் சொல்லவே இல்லை.

இனி ஸ்லைடு. பழைய முறை, மலிவான முறை, ஆனால் பார்க்கும் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். கண்ணாடியில் ஒரு தடித்த பூச்சு, ஒரு மெல்லிய பூச்சு. தடித்ததில் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவார்கள், மெல்லியதில் எந்த வகை என்று பார்ப்பார்கள். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு ஊதிப் பெரிதாகி, உள்ளே பொடிப்பொடியாகப் புள்ளி தெரியும். ஃபால்சிபாரத்தின் கேமிட்டோசைட் (அதன் இனப்பெருக்க நிலை) பிறை நிலா போல வளைந்திருக்கும். ஒரு தடவை லென்ஸில் அந்தப் பிறையைப் பார்த்தால் பிறகு மறக்காது. நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன் குறைந்தது நூறு ஃபீல்டு, அதாவது லென்ஸில் தெரியும் வட்டத்தை நூறு இடத்தில் நகர்த்தி, பார்க்க வேண்டும். ஒரு நாளில் நாற்பது ஐம்பது ஸ்லைடு குவிந்தால் மாலை நேரத்து ஸ்லைடுகளுக்கு அந்த நூறு கிடைக்கிறதா என்பது எனக்கு உண்மையான கவலை. சைட்டில் இன்னொரு தொல்லை: காயவைத்த பூச்சை ஈயும் எறும்பும் தின்றுவிடும். மூடிபோட்ட பெட்டி இல்லாமல் ஸ்லைடு எடுக்கப் போகவே கூடாது.

நுட்பத்தில் எது மேல்? தேர்ந்த கண் ஒரு மைக்ரோலிட்டரில் சுமார் 50 ஒட்டுண்ணி இருந்தாலே பிடித்துவிடும். கார்டுக்குச் சுமார் 100 முதல் 200 வரை வேண்டும். ஒட்டுண்ணியின் மரபணுவையே தேடும் பிசிஆர் பரிசோதனை இரண்டையும் தாண்டும், ஆனால் சைட்டில் நிற்கும் காய்ச்சல்காரருக்கு அதனால் அன்றைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நோய் குறைந்த ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆயிரம் பேரில் பத்து பேருக்குத்தான் மலேரியா என்று வைத்துக்கொள்வோம். நோய் இல்லாதவரில் நூற்றுக்கு 98 பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் நல்ல கார்டுகூட, மீதி 990 பேரில் இருபது பேரை வீணாக 'உண்டு' என்று காட்டும். பாசிட்டிவ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு நோயே இருக்காது. 2027க்குள் உள்ளூர்த் தொற்றே இல்லாத நாடு, 2030க்குள் ஒழிப்பு என்பது இந்தியாவின் இலக்கு. ஒவ்வொரு பாசிட்டிவையும் தேடிப்போய் விசாரிக்கும் கட்டத்தில் இந்த இருபது பேர் லேசான விஷயமல்ல.

கார்டும் ஸ்லைடும் முட்டிக்கொண்ட ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து ரயிலில் வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சல், உடம்பு வலி. கார்டில் ஃபால்சிபாரம் கோடு பளிச்சென்று விழுந்தது. ஸ்லைடில் தேடித் தேடியும் ஒன்றுமில்லை. கார்டு பொய்யா, டெக்னீஷியன் தவறவிட்டாரா என்று எங்களுக்குள் சச்சரவே வந்துவிட்டது. கடைசியில் மேஸ்திரியை வைத்து இந்தியில் கேட்டபோது அவர் பையைத் திறந்து, தீர்ந்துபோன ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டு வாரம் முன்பு ஊரில் மலேரியாவுக்கு முழு கோர்ஸ் முடித்திருக்கிறார். எச்ஆர்பி2 புரதம் ஒட்டுண்ணி செத்த பிறகும் வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். கார்டு பார்த்தது பழைய நோயின் தடயத்தை. இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் வேறு. கார்டு மட்டும் இருந்திருந்தால் குணமான நோய்க்கே மறுபடி மருந்து கொடுத்திருப்போம், உண்மையான காரணத்தைத் தேடியிருக்கவும் மாட்டோம். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க ஸ்லைடை விட்டால் கதியில்லை.

நேர்மாறான சிக்கலும் உண்டு: நோய் இருந்தும் கார்டு 'இல்லை' என்று சொல்லிவிடலாம். எச்ஆர்பி2 மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் பெரு நாட்டின் அமேசான் பகுதியில் இருப்பது 2010இல் வெளியானது. ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் அது பெருகி, பயன்படுத்திவந்த கார்டையே மாற்ற வேண்டி வந்தது. கார்டு 'இல்லை' என்றாலும் குளிரும் நடுக்கமும் தொடர்ந்தால் ஸ்லைடு பார்த்தே தீர வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: சைட்டில் கார்டு முதலில், அதே குத்தில் ஸ்லைடும், அன்று மாலையே ஸ்லைடு லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். டெக்னீஷியன் பக்கத்திலேயே இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்லைடே போதும். கார்டு வந்துவிட்டது, இனி மைக்ராஸ்கோப் எதற்கு என்று எங்காவது பேச்சு எழுந்தால் நான் கட்டாயம் எதிர்த்து நிற்பேன். அந்தக் கண்களைப் பழக்க ஆண்டுகள் ஆகின்றன. ஒரு முறை கைவிட்டால் திரும்ப உருவாக்குவது பெரும்பாடு.

கம்பி கட்டும் அந்த இளைஞருக்கு வைவாக்ஸ். கார்டும் ஸ்லைடும் ஒன்றாகவே சொன்னன. வைவாக்ஸ் ஈரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். அதற்குத்தான் பதினான்கு நாள் பிரைமாகுயின். காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டுவிட்டதால் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம். ஆறாம் நாள் போனபோது ஆளே இல்லை, வேறு சைட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மேஸ்திரியிடம் நம்பர் வாங்கி, சுகாதார நிலையத்துச் செவிலியர் அக்காவும் நாங்களும் தேடிப் போனோம். நான்காம் மாடியில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அன்றைய மாத்திரைவரை எல்லாம் சாப்பிட்டிருந்தார், மீதி எட்டு இருந்தது.