"இது கடன் இல்லை, தவணைதான்" என்றார்கள்: 1,18,000 ரூபாயை இழந்த கதை

"தங்களுக்கு மூன்று நேர்காணல் வாய்ப்புகள் வழங்கப்பட்டுவிட்டன. ஆகவே கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது." வேலை உத்தரவாதம் தந்த ஒரு பயிற்சி நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை 5.40க்கு வந்த மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான். 1,18,000 ரூபாய்க்கு இரண்டு வரிப் பதில். இரவெல்லாம் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சூடு ஆறுவதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எதைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இரவு ஷிப்ட். பிடித்தம் போக 19,500 ரூபாய் கைக்கு வரும். எங்கள் குழுவில் 22 பேர் இருந்தோம். போன ஆண்டு ஒரு புதிய மென்பொருள் வந்தது. கோரிக்கையைப் படிப்பது, குறியீடு போடுவது, தவறைச் சுட்டிக்காட்டுவது எல்லாவற்றையும் அதுவே செய்தது. மே மாத முடிவில் நாங்கள் ஒன்பது பேர்தான் மிச்சம். யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். நடு இரவில் தேநீர் குடிக்கப் போனால் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: அடுத்து என்ன படிப்பது? 24 வயதில், மூன்று ஆண்டு அனுபவத்தோடு, மறுபடியும் முதல் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறதே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதை வைத்துக் கடை விரித்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தப் பயிற்சி நிறுவனம். டேட்டா அனலிடிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு), ஏஐ இரண்டும் ஐந்து மாதத்தில் சொல்லித் தருவார்களாம், "நூறு சதவீத வேலை உத்தரவாதம்", வேலை கிடைக்காவிட்டால் பணம் வாபஸ். நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்கப் புகைப்படங்கள். வேலை கிடைத்தவர்களாம். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஆண்டுச் சம்பளம் எழுதியிருந்தது: 6 லட்சம், 8 லட்சம், 11 லட்சம். மேசையில் பித்தளை மணி ஒன்று. யாருக்காவது வேலை கிடைத்தால் அதை அடிப்பார்களாம். நான் காத்திருந்த அரை மணி நேரத்தில் அது ஒருமுறை அடித்தது, எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஆலோசகர் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. "எந்த ஊர்மா?" என்றார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம பக்கம்தானா! எனக்குக் கோவில்பட்டி. அம்மா இன்னும் தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போகிறார்கள்" என்றார். என் அம்மாவும் இருபது ஆண்டுகளாகத் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டியில் குச்சி அடைக்கிற வேலை பார்க்கிறவர். தொண்டை அடைத்துக்கொண்டது. அதற்குமுன் என் மனதில் நூறு கேள்விகள் இருந்தன. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஒன்றையும் கேட்கவில்லை. "அம்மாவுக்குப் போன் போடுங்கள், நானே பேசுகிறேன்" என்று வாங்கிப் பேசினார். "அம்மா, உங்கள் மகள் இனி இரவில் கண் விழிக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் பகல் வேலை. அதற்கு நான் பொறுப்பு" என்றார். அந்தப் பக்கம் அம்மா அழுவது எனக்குக் கேட்டது.

கட்டணம் ஒரு லட்சம், ஜிஎஸ்டி 18,000, ஆக மொத்தம் 1,18,000 ரூபாய். 18,000 ரூபாயை அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து அனுப்பினார். மீதி ஒரு லட்சத்துக்கு "செல்போனைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கினார் அந்த ஆலோசகர். ஒரு செயலியை இறக்கினார், என் முகத்தைப் படம் பிடித்தார், ஆதார், பான் எண்களைத் தட்டினார். ஓடிபி வந்தது, வாசித்தேன். இன்னொன்று வந்தது, அதையும் வாசித்தேன். "சார், இது கடனா?" என்று நான் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. "கடன் இல்லையம்மா. கட்டணத்தைத் தவணையாகக் கட்டுகிறீர்கள். மாதம் 8,334, பன்னிரண்டு மாதம். வட்டி ஒரு பைசா கிடையாது" என்றார்.

அது கடன்தான். ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுத்த கடன். அந்த இரண்டாவது ஓடிபி, மாதாமாதம் ஐந்தாம் தேதி என் சம்பளக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள நான் கொடுத்த அனுமதி. செயலி வழியாகக் கொடுக்கும் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. முக்கிய விவரங்களைத் தனித் தாளில் காட்ட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்தத் தாள் அன்று இரவே மின்னஞ்சலில் வந்திருக்கிறது. விலகும் அவகாசம் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. நான் அதைத் திறந்து பார்த்தது நான்கு மாதம் கழித்து. அதற்குள் ஒரு லட்சமும் பயிற்சி நிறுவனத்தின் கைக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று வாரம் ஆசிரியர் வந்தார். பிறகு பதிவு செய்த வீடியோக்கள். எக்ஸெல், எஸ்கியூஎல், கொஞ்சம் பைத்தான். சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு. அதில் கேள்வி கேட்டால் கட்டைவிரல் குறி ஒன்று விழும், பதில் வராது. அதே பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் என்பிடெல் வகுப்புகளாக, ஐஐடி பேராசிரியர்கள் நடத்தி, இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

வேலை உத்தரவாதம் என்றார்களே, அது ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில் இருக்கிறது. "மூன்று நேர்காணல் வாய்ப்புகள் வழங்கப்படும். வராவிட்டாலோ, கிடைத்த வேலையை மறுத்தாலோ, அதுவும் வாய்ப்பாகவே கணக்கிடப்படும்." முதல் வாய்ப்பு அம்பத்தூரில் கிரெடிட் கார்டு விற்கும் போன் வேலை, சம்பளம் 13,000. டேட்டா படித்துவிட்டு அதற்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். மறுத்ததாகக் குறித்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தில் மூன்று ஆண்டு டேட்டா அனுபவம் கேட்டார்கள். வரவேற்பறையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். காலை 9.10க்கு வாட்ஸ்அப்பில் செய்தி: பத்து மணிக்குச் சிறுசேரியில் நேர்காணல். இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வேளச்சேரி விடுதிக்கு வந்து செருப்பைக் கழற்றியிருந்தேன். அந்த நேரத்து ஓஎம்ஆர் சாலை நெரிசலில் ஐம்பது நிமிடத்தில் சிறுசேரிக்கு எப்படிப் போவது? மதியத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. மாலையில் பதில் வந்தது: "வரவில்லை எனக் குறிக்கப்பட்டது."

அதன்பிறகு நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. வேலைவாய்ப்புப் பிரிவில் கேட்டால் "திங்கட்கிழமை மேலாளர் வருவார்". திங்கட்கிழமை போனால் "அவர் இப்போது கோவைக் கிளையில்". கட்டணப் பிரிவில் கேட்டால் "தவணை விஷயமா? கடன் நிறுவனத்திடம் கேளுங்கள்". சேரும்போது கடன் இல்லை என்றார்கள். பணத்தைக் கேட்டதும் அது கடன் ஆகிவிட்டது. கடன் நிறுவனத்தைக் கேட்டால் "பயிற்சி சரியில்லை என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள பிரச்சினை, எங்களுக்கு ஐந்தாம் தேதி பணம் வர வேண்டும்". நவம்பரில் கணக்கில் பணம் போதாமல் தவணை திரும்பியது. வங்கி 590 ரூபாய் பிடித்தது. கடன் வசூல் செய்கிற ஒருவர் அம்மாவின் எண்ணுக்கே போன் செய்தார். அதை அவரிடம் யார் கொடுத்தார்கள்? சேர்ந்த அன்று அந்த ஆலோசகர் அம்மாவோடு பேசிய அதே எண்.

சுவரில் 8 லட்சம் என்று எழுதியிருந்த ஒருவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துக் கேட்டேன். கல்லூரி வளாகத் தேர்விலேயே அந்த வேலை அவருக்குக் கிடைத்துவிட்டதாம். இங்கே வகுப்புக்கு இரண்டு வாரம் வந்துவிட்டு நின்றுவிட்டார். தன் படம் அங்கே மாட்டியிருப்பதே அவருக்குத் தெரியாது.

டிசம்பரில் மேலாளருக்காக மறுபடியும் அதே நாற்காலியில் காத்திருந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அந்த ஆலோசகரின் குரல் கேட்டது. எதிரில் திருப்பூர்ப் பெண் ஒருத்தி. "எனக்கும் திருப்பூர்தான்மா. அம்மா இன்னும் பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் "கையெழுத்துப் போடாதே தங்கச்சி" என்று சொன்னேன். என்னை வெளியே அனுப்பினார்கள். அவள் சேர்ந்தாளா இல்லையா என்று தெரியவில்லை. 1,18,000 ரூபாய் போனதைவிட அது என்னை அதிகம் உறுத்துகிறது.

எச்சரிக்கைகளை இப்போது வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். உங்கள் செல்போனை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள். ஓடிபியை வாசிப்பதற்குமுன் குறுஞ்செய்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சேர்ந்த அன்று வந்த மின்னஞ்சல்களை அன்றே திறந்து பாருங்கள். வேலை உறுதி என்று பயிற்சி மையங்கள் பொய்யாக விளம்பரம் செய்யக் கூடாது என 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அந்த விளம்பரத்தை அப்போதே படம் பிடித்து வையுங்கள்; எனக்குக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை நான் தொலைத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எண் 14448. ஆத்திரத்தில் தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழும்.

ஏழு தவணை போய்விட்டது, இன்னும் ஐந்து. அம்மாவின் குழுக் கடன் தனி. நாளை ஐந்தாம் தேதி. கணக்கில் 2,140 ரூபாய் இருக்கிறது. உடன் வேலை செய்யும் அக்காவிடம் 6,200 கேட்டிருக்கிறேன்.