வெளிமாநிலத்தில் நீங்கள், தமிழ்நாட்டில் காலிமனை: யாரை நம்பி விடுவது?

பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று பிழைப்புக்குப் போனவர்களின் பெயரில் தமிழ்நாடு முழுக்கக் காலிமனைகள் கிடக்கின்றன. வாங்குகிறபோது தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம் என்று ஒன்று விடாமல் பார்ப்போம். கிரயம் முடிந்ததும் பத்திரம் பீரோவுக்குள் போய்விடும், மனை வெயிலில் கிடக்கும். முதல் மழைக்குப் புல், அடுத்த வருடம் சீமைக்கருவேலம், அதற்கடுத்து பக்கத்தில் வீடு கட்டுகிறவரின் ஜல்லியும் எம்.சாண்டும். அந்த வீடு முடிந்து ஜல்லி காலியானாலும், வேலையாட்களுக்காகப் போட்ட தகரக் கொட்டகை மட்டும் நின்றுவிடும். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

இடத்தைப் பார்த்துக்கொள்ள என்னென்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லிவை, மாதாமாதம் போட்டோ அனுப்பும் நிறுவனத்திடம் கொடு, காவலுக்கு ஒரு குடும்பத்தைக் குடிவை, சுவர் எழுப்பு, குத்தகைக்கு விடு, மரம் நடு, விற்றுத் தொலை. பலரும் இவற்றைச் செலவை வைத்து ஒப்பிடுகிறார்கள். நான் இரண்டு கேள்விகளை வைத்து ஒப்பிடுவேன். யாராவது உள்ளே நுழைந்தால் எனக்கு எத்தனை நாளில் தெரியும்? இத்தனை காலமும் இடம் என் அனுபவத்தில்தான், அதாவது என் கைவசத்தில்தான், இருந்தது என்று காட்ட என்ன தாள் மிஞ்சும்?

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உங்கள் இடத்தை இன்னொருவர் வெளிப்படையாக, தொடர்ச்சியாக, உங்கள் உரிமையை மறுத்து 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், அதைத் திரும்பக் கேட்கும் உங்கள் உரிமையே அற்றுப்போகும். எதிரிடை அனுபவம் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அப்படி அனுபவித்தவர் தானே வாதியாக வழக்குப் போட்டும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 12 வருடம் என்றதும் நிறைய நேரம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அதைவிட முக்கியமான கெடு ஒன்று உண்டு. அதே 1963-இல் வந்த குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சட்டவழி இல்லாமல் உங்களை வெளியேற்றியவர் மீது உரிமையை நிரூபிக்கும் சுமை இல்லாமலே, அனுபவம் பறிபோனதை மட்டும் காட்டி வழக்குப் போட இடம் தருகிறது. அதற்குக் கெடு ஆறே மாதம். அந்தக் கெடு போனால் பத்திரத்தை வைத்து உரிமை வழக்குதான் போட வேண்டும். அது எத்தனை வருடம் இழுக்கும் என்பது நீதிமன்றப் படி ஏறியவர்களுக்குத் தெரியும். ஆக, வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வரும்போது எட்டிப் பார்ப்பது போதாது. நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவரின் கண் அங்கே பட வேண்டும்.

சொந்தக்காரரா, நிறுவனமா?

"மச்சான், போற வழியில ஒரு எட்டு பார்த்துடுங்க" என்பதுதான் இன்றும் அதிகம் நடக்கிற ஏற்பாடு. கண் என்று பார்த்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. அந்தத் தெருவில் யார் வீடு கட்டுகிறார், எந்தப் புரோக்கர் யாருக்கு எந்த மனையைக் காட்டுகிறார், சர்வே கல்லை எந்த ஜேசிபி புரட்டியது என்பதெல்லாம் ஊர்க்காரருக்கு டீக்கடையிலேயே தெரிந்துவிடும். நிறுவனத்துப் பையன் மாதம் ஒருமுறை பைக்கில் வந்து நான்கு படம் எடுத்துப் போகிறவன். அவனுக்கு இது தெரிய வழியில்லை.

தாள் என்று வந்தால் நிலைமை தலைகீழ். மச்சானிடம் ரசீது கேட்க முடியுமா? "முள்ளு வெட்டினதுக்கு இவ்வளவு ஆச்சு மாப்ள" என்றால் அனுப்பிவிட வேண்டியதுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் கொடுக்க மாட்டார். நிறுவனம் உங்கள் பெயரில் ஒப்பந்தம் போடுகிறது, மாதாமாதம் ஜிஎஸ்டி பில் தருகிறது, தேதியும் இருப்பிடமும் பதிந்த படம் அனுப்புகிறது. ஐந்து வருடத்துக்கு இவை சேர்ந்தால், அக்கறை இல்லாமல் போட்டுவிட்டுப் போனவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது.

நிறுவனத்திடம் கொடுப்பவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம். ஆக்கிரமிப்பு நடந்தால் 'உரிமையாளருக்குத் தெரிவிப்போம்' என்பதோடு பல ஒப்பந்தங்கள் கை கழுவிவிடும். காவல் நிலையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய ஆள் தருவார்களா என்பது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டு, படம் எடுத்தது உங்கள் மனையைத்தானா? லேஅவுட்டில் எல்லா மனையும் ஒரே சாயல். நான்கு மூலைக் கல்லிலும் நம்பரை பெயிண்டில் எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் அந்தக் கல் தெரிகிற மாதிரி படம் வேண்டும் என்று கேளுங்கள்.

சிறிய ஊரில் இப்படிப்பட்ட நிறுவனமே இருக்காது. அங்கே உறவினரையே நிறுவனம் மாதிரி ஆக்கிக்கொள்வதுதான் வழி. பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக, 'மனை எண் இத்தனை, முள் வெட்டிய கூலி' என்று குறிப்பு போட்டு அனுப்புங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கித் தனியாகச் சேமியுங்கள். மச்சானுக்கு ஒரு தொல்லையும் இல்லை, உங்களுக்குத் தாள் சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால், நிறுவனமா உறவா என்ற போட்டியில் இப்படி வழிக்குக் கொண்டுவரப்பட்ட உறவினருக்குத்தான் என் ஓட்டு.

ஆளைக் குடிவைப்பதா, சுவர் எழுப்புவதா?

காவலுக்கு என்று ஒரு குடும்பத்தைக் குடிசை போட்டு உட்காரவைப்பது பழைய வழக்கம். இரவும் பகலும் ஆள் இருப்பதால் குப்பை விழாது, ஜல்லி கொட்ட மாட்டார்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான்: காவலாளியோ பராமரிப்பாளரோ எத்தனை வருடம் இருந்தாலும் அவருக்கு அந்தச் சொத்தில் உரிமை பிறக்காது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆனால் அவர் காவலாளிதான் என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. சம்பளம் கையில் கொடுத்தது, பேச்சு வாயோடு முடிந்தது. அவரிடமோ அந்த முகவரியில் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, அவர் பெயரிலேயே மின் இணைப்பு. கடைசியில் நல்ல மனிதராகவே இருந்தாலும் அவர் பிள்ளைகள் காலத்தில் பேரம் பேசித்தான் இடத்தைக் காலி செய்ய வேண்டிவரும். ஆளை வைத்தே தீர வேண்டும் என்றால், வேலை ஒப்பந்தம் எழுதுங்கள், சம்பளத்தை வங்கியில் போடுங்கள், மின் இணைப்பை உங்கள் பெயரில் வாங்குங்கள். இதில் ஒன்றுக்காவது அவர் முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சுவர் சம்பளம் கேட்காது, வாரிசுரிமையும் கோராது. ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) அளவு மனைக்கு எனக்குச் சுவர்தான் முதல் தேர்வு. ஏன் அளவைச் சொல்கிறேன் என்றால், 40-க்கு 60 மனையின் சுற்றளவு 200 அடி. சதுரமான ஒரு ஏக்கரின் சுற்றளவு சுமார் 835 அடி. பரப்பு பதினெட்டு மடங்கு கூடும்போது வேலியின் நீளம் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கூடுகிறது. சதுர அடிக்குச் செலவு என்று பார்த்தால் சிறு மனைக்குத்தான் வேலி விலை அதிகம். ஆனாலும் ஆக்கிரமிப்பு ஆபத்து அதிகம் என்பதால் சிறு மனைக்குச் சுவரும், ஏக்கர் கணக்குக்குக் கல்தூண் முள்கம்பியும் பொருந்தும். கொங்குப் பக்கம் என்றால் கிளுவை உயிர்வேலி இன்னும் நல்லது. கம்பியைத் திருடுவார்கள், கிளுவையை யார் திருடப் போகிறார்கள்?

சுவர் வேலையில் வரிசை முக்கியம். முதலில் தாலுகா அலுவலகத்தில் மனு போட்டு அரசு சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி (நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) அளந்து கல் நடுங்கள். அன்று பக்கத்து மனைக்காரர்களும் இருந்தால் பின்னால் தகராறு குறையும். அடுத்து மண். சுற்றிலும் எல்லோரும் மேடேற்றி வீடு கட்டியிருப்பார்கள்; உங்கள் மனை மட்டும் பள்ளமாகி, தெருத் தண்ணீர் முழுக்க அங்கே தேங்கி, கொசுவுக்காக உள்ளாட்சியிலிருந்து உங்களுக்கே நோட்டீஸ் வரும். மண் அடித்து ஒரு மழைக்காலம் அமுங்க விட்டு, அதன் பிறகு அஸ்திவாரத்தைப் பழைய தரை வரை இறக்கிச் சுவர் கட்டுங்கள். கரிசல் மண்ணில் ஆழமில்லாமல் நடும் ரெடிமேட் காம்பவுண்ட் வேண்டாம். அந்த மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், பலகைகள் சாய்ந்துவிடும்.

சுவரின் ஒரே குறை, அது பார்க்காது, பேசாது. உள்ளே காடு மண்டியிருப்பதைச் சொல்ல ஆள் வேண்டும். கேட்டில் உங்கள் பெயரும் போன் நம்பரும், 'விற்பனைக்கு அல்ல' என்ற வரியும் எழுதிவையுங்கள். (அப்படி எழுதினாலும் புரோக்கர்கள் அழைப்பார்கள், அது தனிக் கதை.) சர்வே எண்ணையும் பட்டா எண்ணையும் போர்டில் போட வேண்டாம். ஆள்மாறாட்டம் செய்து போலிப் பத்திரம் போடுகிறவருக்கு அந்த விவரத்தை ஏன் நாமே எழுதிக்கொடுக்க வேண்டும்?

ஏக்கரில் இருந்தால்: குத்தகையா, மரமா?

விவசாய நிலம் வைத்திருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 'சும்மா கிடக்கிறதுக்கு யாராவது உழுதுட்டுப் போகட்டும்' என்று வாய்ப்பேச்சில் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு வாங்கும் வாரத்துக்கோ விடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தன் உழைப்பிலோ குடும்பத்தார் உழைப்பிலோ பிறர் நிலத்தில் பயிர் செய்கிறவரைக் காக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. குத்தகை பாக்கி வைத்தார், நிலத்தைப் பாழாக்கினார், உங்கள் உரிமையையே மறுத்தார் என்பது போன்ற சில காரணங்களுக்குத்தான் அவரை வெளியேற்ற முடியும், அதுவும் வருவாய்த் துறை வழியாக. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்றவும் மனு செய்யலாம். நிலமில்லாத உழவருக்காக வந்த நியாயமான சட்டம் இது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஐந்து வருடத்தில் நிலத்தை விற்கவோ வீடு கட்டவோ நினைப்பவர் குத்தகைக்கு விடுவது அவருக்கும் நல்லதல்ல, உழுகிறவருக்கும் நல்லதல்ல.

மரம் இதற்கு நேர் எதிர். நடுகிற செலவு, குழி எடுத்த கூலி, கன்று வாங்கிய பில் எல்லாமே உங்கள் பெயரில். வளர்ந்த மரம் தானே சாட்சி. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பார்த்தாலே எப்போது நட்டது என்று சுமாராகத் தெரிந்துவிடும். சவுக்கு மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வரும், மலைவேம்பு அதைவிடச் சில வருடம் கூட, மகோகனிக்குப் பதினைந்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மகோகனி கோடிகளைக் கொட்டும் என்கிற விளம்பரங்களை நம்பி நடாதீர்கள். இடத்தைக் காப்பதற்காக நடுங்கள், வருமானம் வந்தால் லாபம். சிக்கல் முதல் இரண்டு கோடையில்தான்: தண்ணீர் ஊற்றவும் ஆடுமாடு மேயாமல் பார்க்கவும் ஆள் இல்லாவிட்டால் நட்டது மொத்தமும் போகும். அந்த இரண்டு வருடத்துக்கு மட்டும் கூலிக்கு ஆள் வைக்க முடியாதவர் மரத்தை நினைக்கவே வேண்டாம். வேலி போட்டுவிட்டுச் சும்மா விடுவதே மேல்.

சும்மா விட்டால் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமெல்லாம் சீமைக்கருவேலம் தானாக வந்துவிடும். ஆடுமாடு நெற்றைத் தின்று விதையைப் பரப்பும். அரிவாளால் வெட்டினால் கட்டையிலிருந்து இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும், வேரோடு பறித்தால்தான் தீரும். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை எடுத்துக்கொண்டு கூலியில்லாமலே சுத்தம் செய்து தருவது உண்டு. விட்டுக்கொடுக்கலாம். இத்தனை தேதிக்குள் முடித்து வெளியேறுகிறேன் என்று ஒரு கடிதம் மட்டும் எழுதி வாங்குங்கள். நிலத்தில் பனை நின்றால் அதைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும்.

எந்த வழியானாலும்

சில வேலைகளை உங்கள் ஊரில் உட்கார்ந்தே செய்யலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். மாதம் ஒருமுறை பாருங்கள், உங்களுக்குத் தெரியாத பதிவு ஏதாவது இருந்தால் அன்றே தெரியும். பட்டா, புலப்படம் இரண்டும் வருவாய்த் துறை இணையச் சேவையில் கிடைக்கின்றன. நகர எல்லைக்குள் இருந்தால் காலிமனை வரியைப் பாக்கி வைக்காதீர்கள். வரி ரசீது உரிமையைத் தராது, ஆனால் அனுபவத்துக்கான சாட்சியங்களில் ஒன்று.

'எல்லாத்துக்கும் பவர் கொடுத்துட்டேன்' என்று பொது அதிகாரம் எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களும் உண்டு. எனக்கு அது பயமான ஏற்பாடு. அளவைக்கு மனு கொடுக்க, வரி கட்ட, போலீஸில் புகார் சொல்ல, வழக்கு நடத்த என்று தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் இல்லை என்பதையும் எழுத்தில் சேருங்கள். பவர் எழுதிக்கொடுத்தவர் காலமானால் அது பொதுவாகச் செல்லாமல் போகும் என்பதை வயதான பெற்றோர் பெயரில் நிலம் உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

விற்பதைக் கடைசியில் வைத்தேன், ஆனால் சிலருக்கு அதுதான் முதலில் வர வேண்டும். அங்கே வீடு கட்டப் போவதில்லை, பிள்ளைகளுக்கு அந்த ஊரின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க ஒரு ஆள்கூட இல்லை என்றால் மேலே சொன்ன எந்த ஏற்பாடும் நிலைக்காது. அண்ணன் தம்பி அக்கா தங்கை என்று ஆளுக்கொரு மாநிலத்தில் இருந்து, பாகம் பிரியாமல் கூட்டுப் பட்டாவில் கிடக்கும் நிலமாக இருந்தால், சுவரும் வேண்டாம் மரமும் வேண்டாம். எல்லோரும் ஊருக்கு வருகிற அடுத்த விசேஷத்துக்கே பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, உட்பிரிவுக்கு மனு கொடுத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.