கழுத்தில் அடிபட்டவரை "வீக்கம் வடியட்டும்" என்று படுக்கப் போட்டால் உடனே கிளம்புங்கள்

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். சித்தப்பா மகன் தேங்காய் பறிக்க ஏறிய தென்னையிலிருந்து விழுந்துவிட்டான். நினைவு தப்பவில்லை, பேசினான். கால் இரண்டும் அசையவில்லை, கைவிரல்கள் மட்டும் லேசாக மடங்கின. தனியார் ஆம்புலன்ஸ்காரர் அவனைக் கொண்டுபோய் இறக்கிய தனியார் ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ கிடையாது, முதுகெலும்பு ஆபரேஷன் செய்யும் டாக்டரும் கிடையாது. அதைச் சொல்லாமலேயே அட்மிஷன் போட்டார்கள். "வீக்கம் வடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றே நாளை ஓட்டினார்கள்.

விழுந்த நொடியில் தண்டுவடத்துக்கு நேர்ந்த சேதத்தை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் நகர்ந்த எலும்பு அழுத்திக்கொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து, பிழைத்திருக்கும் நரம்பும் சாகும். அதனால்தான் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் அந்த அழுத்தத்தை எடுத்துவிடச் சொல்கிறார்கள். கழுத்துக் காயத்தில் அப்படிச் செய்தவர்கள் கூடுதலாகத் தேறியதை 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் பிள்ளைக்கு அந்த நேரத்தைப் பறித்துவிட்டார்கள்.

கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் பிபி இறங்கலாம், நாடியும் மெதுவாகலாம். சராசரி ரத்த அழுத்தத்தை (மேல் பிபிக்கும் கீழ் பிபிக்கும் இடைப்பட்ட அளவு) முதல் 7 நாள் 85–90 அளவில் வைத்திருக்கச் சொன்னது 2013ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல். இவனுக்கு மேல் பிபியே 80-ஐ ஒட்டித்தான் நின்றது. கேட்டால், "சோர்வுதான் சார், குளுக்கோஸ் ஏறுது" என்றார்கள். அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்று சொன்ன ஸ்டீராய்டு மருந்தைப் பெரிய வைத்தியம் போல ஏற்றினார்கள். பில்லில் ஐசியூ வாடகை இருந்தது. அறையில் ஒரு மானிட்டர்கூட இல்லை.

பெட்ஷீட் மாற்றும்போது இரண்டு பேர் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். தலை பின்னால் தொங்கியது. கழுத்துப் பட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நாலு பேர் சேர்ந்து உருட்டித் திருப்ப வேண்டிய உடம்பு அது! திருப்பிப் படுக்க வைக்காததால் வால் எலும்புக்கு மேல் புண்ணும் வந்துவிட்டது. கடைசியில் மூச்சு திணறியதும்தான், "தஞ்சாவூர் கொண்டுபோங்க" என்று கைகழுவினார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நீங்களாகத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே கேளுங்கள்: எம்ஆர்ஐ இருக்கிறதா, ஆபரேஷன் இன்றே நடக்குமா, வென்டிலேட்டர் உள்ள ஐசியூ உண்டா? பதில் இழுத்தால் அன்றைக்கே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லுங்கள். சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மரத்திலிருந்து விழுந்தவருக்கு அது இல்லை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சேர்த்தபோது எந்த விரல் அசைந்தது, எங்கே உணர்ச்சி இருந்தது என்று எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தந்த டிஸ்சார்ஜ் தாளில் அந்த வரியே இல்லை. மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் புகார் கொடுத்திருக்கிறோம்.