எஃப்-250ல டீசலா கேஸா? 7.3 கேஸ் எடுத்து ஓட்டிட்டு இருக்கறவனோட ரிவ்யூ

ஹூஸ்டன் பக்கம் இருக்குற நம்ம ஆளுங்க பிரென்ஹாம், நவசோட்டா பக்கம் அஞ்சு ஏக்கர் பத்து ஏக்கர்னு நெலம் வாங்கிப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து, யார் வீட்டு பொறந்தநாள் பார்ட்டிக்குப் போனாலும் "டிரக் டீசல் எடுக்கறதா கேஸ் எடுக்கறதா"ன்னு ஒரு பஞ்சாயத்து ஓடிட்டே இருக்கு. கேஸ்னா நம்மூர் பெட்ரோல், சிலிண்டர் இல்ல, ஊர்ல இருந்து படிக்கறவங்க குழம்பிக்க வேணாம். நான் எடுத்தது ஃபோர்டு எஃப்-250, 7.3 லிட்டர் வி8 கேஸ், எக்ஸ்எல்டி டிரிம், நாலு கதவு க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ். முடிவு பண்றதுக்கு முன்னாடி டீசலையும் ஓட்டிப் பாத்தேன், கூட ஒரு நண்பர் கம்மின்ஸ் டீசல் போட்ட ராம் 3500 வெச்சிருக்காரு, அதனால ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துதான் எழுதறேன்.

மொதல்ல காசு கணக்கு, ஏன்னா "டீசல் மைலேஜ் தரும்ப்பா, போட்ட காசு திரும்பிடும்"னு சொல்ற அண்ணன்மாருங்க நம்ம கூட்டத்துல ஜாஸ்தி. இந்த சைஸ் வண்டிக்கு அரசாங்க மைலேஜ் ஸ்டிக்கரே கெடையாது, ஜிவிடபிள்யூஆர், அதாவது லோடோட சேத்து வண்டி இருக்கலாம்னு சொல்ற அதிகபட்ச வெயிட்டு, 8,500 பவுண்டுக்கு மேல போனாலே இபிஏ (சுற்றுச்சூழல் துறை) ரேட்டிங் போட வேண்டியதில்ல, அதனால ஓட்டறவன் சொல்றதுதான் கணக்கு. எனக்கு காலியா ஓட்டினா கேஸ்ல கேலனுக்கு 13 சொச்சம் வருது, டீசல்காரங்க 17 சொல்றாங்க. வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டறீங்கன்னு வெச்சுக்குங்க, நான் கணக்கு போட்டப்போ கேஸ் 2.80 டீசல் 3.40, அப்படிப் பாத்தா கேஸுக்கு வருஷம் 2,580 டாலர் பக்கம், டீசலுக்கு 2,400. மிச்சம் நூத்தி எண்பது டாலர். டீசல் இன்ஜினுக்கு மேல குடுக்கற காசு பத்தாயிரம் டாலர் பக்கம். இத 180ஆல வகுத்துப் பாருங்க, உங்க பேரன் காலேஜ் முடிச்சப்பறம் லாபம் வரும். வருஷம் பூரா டிரெய்லர் இழுத்துட்டே இருந்தா வித்தியாசம் 400 டாலர் வரைக்கும் போகும், அதுக்குள்ள டெஃப்ங்கற யூரியா தண்ணி ஊத்தற செலவு வேற வரும். ஃபெடரல் வரியே கேஸுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4, டெக்சாஸ் வரி ரெண்டுக்கும் 20 சென்ட்தான், ஆனா பம்ப்புல டீசல் கேஸ விட கம்மியா இருக்கற நாள அபூர்வமாத்தான் பாக்க முடியும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும், டீசலுக்கு ரீசேல் நல்லா இருக்கும், குடுத்த பத்தாயிரத்துல பாதிக்கு மேலயே விக்கறப்போ திரும்பி வரலாம். ஆனா அது வரைக்கும் அந்த பத்தாயிரத்துக்கு லோன் வட்டி யார் கட்டறது?

சரி காச விடுங்க, வேலைக்கு வருவோம். 7.3 கேஸ் பழைய காலத்து டிசைன், வார்ப்பிரும்பு பிளாக், புஷ்ராட், போர்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ கிடையாது, 2020 மாடல்ல வந்துச்சு, செல்லமா காட்ஸில்லான்னு கூப்புடறாங்க. 430 குதிரை, 485 பவுண்டு-அடி டார்க் (இழுக்கற திருகு விசை). டீசல் 6.7 பவர் ஸ்ட்ரோக் 475 குதிரை, 1,050 டார்க், ஹை அவுட்புட் எடுத்தா 500க்கு 1,200. பேப்பர்ல பாத்தா பக்கத்துலயே வர முடியாதுதான். எனக்கு இழுக்க வேண்டியது என்னன்னா லோடரோட ஒரு சின்ன டிராக்டர், பின்னாடி புல்லு புதர் வெட்டற ஷ்ரெடர், 20 அடி ஃபிளாட்பெட் டிரெய்லர், எல்லாம் சேத்து 9,000 பவுண்டுக்குள்ள. கேட்டிங்கற ஊர்லேர்ந்து பிரென்ஹாம் வரைக்கும் 290 ஹைவேல மேடுன்னு சொல்ற அளவுக்கு மேடே கெடையாது, வண்டி டிரெய்லர் இருக்கறதையே கண்டுக்காம போவுது, எட்டு எட்டரை மைலேஜ் குடுக்கும் அவ்ளோதான். பக்-ஈஸ்ங்கற பெரிய கேஸ் ஸ்டேஷன் கண்ணுல பட்டா இன்டிகேட்டர் தானா விழும், அதுக்குப் பழகிக்கணும்.

வித்தியாசம் தெரிஞ்சது கொலராடோ போனப்போதான். லீவுக்கு நாங்க டிராவல் டிரெய்லர் இழுத்துட்டு, நண்பர் அவரோட பெரிய ஃபிஃப்த் வீல் (டிரக்கோட பின்பக்க பெட்டுலயே மாட்டற டிரெய்லர்) இழுத்துட்டு, ரெண்டு வண்டியா போனோம். ஐ-70ல சில்வர்தோர்ன் தாண்டி ஐசன்ஹோவர் டனல் வரைக்கும் ஒரே ஏத்தம், 7 சதவீத சரிவெல்லாம் வரும், டனல் வாசலே 11,000 அடிக்கு மேல இருக்கு. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு 3 சதவீதம் போல பவர இழக்கும், அப்ப அந்த ஒசரத்துல மூணுல ஒரு பங்கு காணாமப் போயிருக்கும், என் 430 குதிரையில 300 கூட மிச்சமில்ல. வண்டி கீழ் கியருக்கு இறங்கி 4,500 ஆர்பிஎம்ல கத்திட்டே ஏறுது, பின்சீட்ல பசங்க "அப்பா வண்டி அழுவுது"ங்கறாங்க, வீட்டுக்காரம்மா என்னையே பாக்குறாங்க, நான் ரோட்டப் பாக்குறேன். நண்பர் என்ன விட ஒண்ணரை மடங்கு வெயிட்ட இழுத்துட்டு, காபி குடிச்சிட்டே பக்கத்து லேன்ல தாண்டிப் போனாரு. அவரு வண்டிக்கு முழு டார்க்கும் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழயே வந்துடுது, டர்போ இருக்கறதால ஒசரம் அத பெருசா ஒண்ணும் பண்ணல. எறங்கறப்போ இன்னும் மோசம், அவருக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு, பட்டன அமுக்கிட்டா வண்டியே வேகத்தப் புடிச்சுக்குது, நான் டிரெய்லர் இழுக்கறதுக்குன்னு இருக்கற டோ-ஹால் மோட்ல கியர் இறக்கி இறக்கி நடுவுல பிரேக்கும் மிதிச்சு வந்தேன். என் வண்டி ஏறலையான்னா ஏறுச்சு, இன்ஜின் சூடும் ஏறல, எந்த லைட்டும் எரியல, சத்தம்தான். வருஷத்துக்கு ஒரு வாட்டி அந்த சத்தத்தக் கேக்கறதுக்கு சம்மதம்னா கேஸ் போதும். மாசாமாசம் மலையேறி எறங்கற பொழப்புன்னா தயவுசெஞ்சு டீசல் எடுத்துக்குங்க, அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கெடையாது.

இப்ப யாரும் பேசாத விஷயம், பேலோடு. டிரைவர் கதவத் தொறந்தா ஓரத்துல மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆளு சாமான் எல்லாம் சேத்து இவ்ளோதான் ஏத்தணும்னு பவுண்டுல போட்டிருக்கும். விளம்பரத்துல கத்தற டோயிங் நம்பர விட இதுதான் முக்கியம். டீசல் இன்ஜின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம், ஆனா முக்கால் டன்னுன்னு சொல்ற 250 மாதிரி வண்டியில மொத்த வெயிட்ட கம்பெனிக்காரங்க பெரும்பாலும் 10,000 பவுண்டுலயே நிறுத்தி வெச்சிருக்காங்க, அதனால இன்ஜின் தின்ன வெயிட்டு உங்க பேலோடுலேர்ந்து போயிடும். என் ஸ்டிக்கர்ல மூவாயிரத்த ஒட்டி இருக்கு, அதே டீலர் லாட்ல நல்லா அலங்காரம் பண்ணின டீசல் 250 ஒண்ணுல ரெண்டாயிரத்துச் சொச்சம்தான். ஃபிஃப்த் வீல்னா டிரெய்லர் வெயிட்ல 20லேர்ந்து 25 சதவீதம் பெட் மேல உக்காரும், 12,000 பவுண்டு டிரெய்லர்னா 2,400 அங்கயே போச்சு, அப்பறம் நீங்க, குடும்பம், கூலர், இட்லி மாவு எல்லாம் எங்க ஏறும்? அதாவது 1,050 டார்க் இருக்கற வண்டி இன்ஜினால இழுத்துடும், ஸ்டிக்கர்தான் தாங்காது. டீசல்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு படி மேல எஃப்-350க்குப் போங்க, டீசல் 250ங்கறது பெரும்பாலும் ரெண்டுங்கெட்டான்.

தெனசரி வாழ்க்கையில டீசல் எனக்கு ஒத்து வராதுன்னு முடிவு பண்ண இன்னொரு காரணம் டிபிஎஃப்ங்கற புகை ஃபில்டர். புகையில இருக்கற கரிய புடிச்சு வெச்சு, அப்பறம் சூடேத்தி எரிக்கும், அதுக்கு ஹைவேல கொஞ்ச நேரம் நிக்காம ஓட்டணும். வாரநாள்ல நம்ம வண்டி எங்க போவுது? பசங்க ஸ்கூலு, காஸ்ட்கோ, சனிக்கெழம பேர்லேண்ட் மீனாட்சி கோயில். இப்படி அஞ்சு மைலு ஆறு மைலு ஓட்டி ஓட்டி நிறுத்தினா ரீஜென்னு சொல்ற அந்த எரிப்பு பாதியிலயே நிக்கும், ஃபில்டர் அடைக்கும். மேல அந்த டெஃப் தண்ணியத் தனி டேங்க்ல ஊத்தணும், அதோட சென்சார் எதாச்சும் கோவிச்சுக்கிட்டா வண்டி வேகத்தக் கொறச்சுடும். "எல்லாத்தையும் டெலீட் பண்ணிடலாம் அண்ணா"ன்னு, அதாவது கழட்டிப் போட்டுடலாம்னு சொல்ற ஷாப்பு இருக்கும், அது ஃபெடரல் சட்டத்துக்கே விரோதம். 2013லேர்ந்து 2019 வரைக்கும் வந்த ராம் டிரக் எமிஷன் விவகாரத்துல கம்மின்ஸ் கம்பெனியே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு, அரசாங்கம் இத எவ்ளோ சீரியஸா எடுத்துக்குதுன்னு பாத்துக்குங்க.

மெயின்டனன்ஸ்ல என் வண்டிக்கு 8 குவார்ட் ஆயில், டீசலுக்கு 13, கூட ஃபியூவல் ஃபில்டர் மாத்தற செலவு. அதெல்லாம் பரவால்ல, பயப்பட வேண்டியது ஹை பிரஷர் பம்ப்பு. ஃபோர்டு 2011லேர்ந்து போட்ட பாஷ் சிபி4 பம்ப்பு போச்சுன்னா இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும், மொத்த ஃபியூவல் சிஸ்டத்தையும் மாத்தணும், பில்லு பத்தாயிரம் டாலர தொடும். ஜிஎம் 2017லயே டென்சோ பம்ப்புக்கு மாறிடுச்சு, ராம் 2019, 2020ல சிபி4 போட்டுப் பாத்துட்டு ரீகால் பண்ணி பழைய சிபி3க்கே திரும்பிடுச்சு. எல்லாருக்கும் போவும்னு நான் சொல்லல, மூணு லட்சம் மைல் ஓட்டினவங்களும் இருக்காங்க, ஆனா வாரன்ட்டி முடிஞ்சப்பறம் எனக்கு தூக்கம் வராது.

வண்டியில புடிக்காததும் இருக்கு. காலியா ஓட்டினா பின்னாடி லீஃப் ஸ்பிரிங் தூக்கித் தூக்கிப் போடும், ராம் 2500ல பின்னாடி காயில் ஸ்பிரிங், அது சொகுசுல ஒரு படி மேல, இத ஒத்துக்கணும். நீளம் 250 இன்ச், கிட்டத்தட்ட 21 அடி, எங்க கராஜ்ல மூக்கு உள்ள போனா வாலு வெளிய நிக்குது, எச்ஓஏ (காலனி சங்கம்) லெட்டர் எப்ப வரும்னு பாத்துட்டு இருக்கேன். 34 கேலன் டேங்க் நெரப்பறப்போ பம்ப்பு மீட்டரப் பாக்காதீங்க.

புடிச்சது பெட்ல இருக்கற 2 கிலோவாட் பவர் பிளக்கு. 2024 ஜூலையில பெரில் புயல் அடிச்சு ஹூஸ்டன்ல 20 லட்சத்துக்கு மேல வீடு கடைக்கெல்லாம் கரன்ட் போச்சே, அப்ப எங்க ஃபிரிட்ஜும் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜும் இந்த வண்டியிலதான் ஓடுச்சு, மிக்ஸி கூட போட்டாங்க, சட்னி அரைச்ச டிரக்னு தெருவுல பேரே வந்துடுச்சு.

ஜிஎம்ல 6.6 கேஸ் 401 குதிரை 464 டார்க், ராம்ல 6.4 ஹெமி டார்க் 429தான், ரெண்டும் நல்ல வண்டிதான், இழுக்கறதுக்கு எனக்கு 7.3 ஒரு படி மேலன்னு பட்டுச்சு. 7,000 பவுண்டுக்குள்ள இழுக்கறவங்க இதெல்லாம் எதுவும் வாங்காதீங்க, எஃப்-150 தாராளமா போதும், கராஜ்லயும் ஓரளவு அடங்கும். 7.3 எடுக்கறவங்க 4.30 கியர் ரேஷியோ ஆக்சில் கேட்டு வாங்குங்க, இழுக்கறப்போ வித்தியாசம் தெரியும். 2023லேர்ந்து 6.8 லிட்டர்னு இன்னொரு கேஸ் வி8 வந்திருக்கு, 405 குதிரை, 445 டார்க், லாட்ல நிக்கறதுல நெறைய அதுதான், "ரெண்டும் ஒரே ஃபேமிலி இன்ஜின் சார்"னு சேல்ஸ்மேன் சிரிச்சிட்டே சொல்வாரு. விண்டோ ஸ்டிக்கர்ல 7.3ன்னு கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடுங்க, இல்லன்னா ஆர்டர் போட்டு வெயிட் பண்ணுங்க.