குழுவாக ஆடும் நாட்டிய நாடகத்துக்கு மூன்று வரிசைச் சலங்கையே போதும்

நாட்டிய நாடகத்தில் முதல்முறை ஆடப்போகும் மாணவிகள் சலங்கைக் கடைக்குப் போனால் கை முதலில் போவது ஐந்து வரிசைப் பட்டைக்குத்தான். பார்க்க நிறைவாக இருக்கும், ஒரு குலுக்கு குலுக்கினால் கடை முழுக்கக் கேட்கும். பரதநாட்டியத்தில் மார்க்கம், அதாவது உருப்படிகளின் முழு வரிசையை, தனியாக ஆடுகிறவர்களுக்கு அது சரி. குழுவோடு ஆடுகிறவர்கள் மூன்று வரிசை மணி வைத்த தோல் பட்டையை வாங்குங்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வரிசைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி என்று வைத்தால் மூன்று வரிசையில் ஒரு காலுக்கு 30-க்கு மேல் வரும். நாயகியின் தோழிகளாக எட்டு சகிகள் நின்றால் மேடையில் ஏறத்தாழ 500 மணி. இதையே ஐந்து வரிசையாக்கினால் 800-ஐத் தாண்டும். முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், பாதத்தால் தரையைத் தட்டும் அடிப்படை அசைவான தட்டடவு போடும்போது வித்தியாசம் தெரியாது. மிக வேகமான மூன்றாம் காலத்துக்குப் போனதும் ஒரு தட்டின் சலசலப்பு அடங்குவதற்குள் அடுத்த தட்டு விழுந்துவிடும். பாதம் தரையில் படும் ஓசை மணிச் சத்தத்துக்குள் புதைந்துபோகும். யார் கால் பிந்துகிறது என்று தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாருக்கும் பிடிபடாது, பிந்துகிறவருக்கும் தெரியாது. மூன்று வரிசையில் அந்த இடைவெளி காதுக்குக் கிடைக்கும். ஒத்திகையில் திருத்த முடிவது அதனால்தான்.

குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1944-இல் தம் கலைப்பள்ளியான கலாக்ஷேத்ராவுக்காக அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். நாயகி வசந்தவல்லியின் பந்தாட்டத்தில் குதிப்பும் சுழற்சியும் விடாமல் வரும். அங்கே பட்டை நழுவாமல் நிற்க வேண்டும். குறத்தி வருகையில் கால் கனக்கக் கூடாது. அவள் குறி சொல்லும்போதோ சலங்கை வாய் திறக்கவே கூடாது. பின்னால் நிற்கும் சகி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றினாலும் ஒரு மணியாவது பேசிவிடும், பார்வையாளர் கண் அங்கே போய்விடும். மணி கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். சலங்கை கட்டியபடி அசையாமல் நிற்பதையும் ஓர் அடவைப் போலத் தனியாகப் பழக வேண்டும். பக்கத் திரைக்குப் பின்னால் நடக்கும்போது பாதத்தை முழுசாக, மெதுவாக ஊன்றி நடங்கள். நீண்ட காட்சிக்கு வெளியே காத்திருக்கிறவர்கள் அகலமான பருத்தித் துணியைப் பட்டைமேல் இறுக்கிச் சுற்றிக்கொண்டால் மணி அடங்கும்.

கதக்குக்குக் கட்டும் கயிற்றுச் சலங்கையின் நாதம் அருமையானது. ஆனால் சுற்றிச் சுற்றிக் கட்ட நேரம் பிடிக்கும். காட்சிக்கு இடையே உடை மாற்றுகிறவருக்கு இரண்டு பக்கிள் போட்ட தோல் பட்டையே கைகொடுக்கும். ஒட்டும் பட்டை வைத்து வருவதும் உண்டு, சட்டென்று மாட்டிவிடலாம். வியர்வையும் நூல் பிசிறும் சேரச்சேர அதன் பிடி விட்டுப்போகும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்; பக்கிளும் சேர்ந்திருந்தால் வாங்கலாம்.

மணியில் இரண்டு ரகம். தகட்டை இரு பாதியாக அழுத்திச் சேர்த்த மணிக்கு நடுவயிற்றில் ஒரு விளிம்பு ஓடும். லேசானது, விலை குறைவு, ஆனால் சத்தம் கீச்சென்று மேலே நிற்கும். வார்ப்பு மணியில் அந்த விளிம்பு இருக்காது. கையில் எடுத்தாலே கனம் தெரியும், நாதம் தணிவாக இருக்கும். வார்ப்பு மணியையே கேளுங்கள். அதைவிட முக்கியம், குழுவில் எல்லாரும் ஒரே ரகம் வாங்குவது. ஏழு பேர் வார்ப்பு மணியும் ஒருவர் தகட்டு மணியும் கட்டினால், அந்த ஒருவர் கால் சரியாக விழுந்தாலும் பிசகியதுபோலவே கேட்கும்.

கடையில் பட்டையை மொத்தமாகக் குலுக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு மணியையும் நகத்தால் சுண்டுங்கள். உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு சிக்கியிருந்தால் 'டொக்' என்று கேட்டு நின்றுவிடும். பிறகு பட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மணியின் காது தோலில் உள்ள துளை வழியாகப் பின்னால் வரும். அந்தக் காதுகளைக் கோத்து ஒரு வாரோ நூலோ வரிசை நெடுக ஓடும். அது ஓரிடத்தில் அறுந்தால் அந்த வரிசையே தளர்ந்துவிடும். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது, துளை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வாரும் காதும் கணுக்காலில் உரசாதபடி உட்புறம் மெத்தைத்துணி தைத்திருக்க வேண்டும். சிவப்புத் தோல் என்றால் ஈரக் கைக்குட்டையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வியர்வையில் காலும் உடையும் சிவக்கும்.

அளவு எடுக்கும் நேரமும் முக்கியம். ஒரு மணிநேரம் ஆடிய பிறகு கால் கொஞ்சம் பருத்திருக்கும், அப்போது கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே சுற்றளவு எடுங்கள். பட்டையின் இரு முனையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, அரை அங்குலம் இடைவெளி இருக்கட்டும். புதுத் தோல் நாளடைவில் நெகிழும். பட்டை தாழ்ந்து உட்கார்ந்தால் எலும்பில் இடித்து, மெட்டடவில் குதிகாலைத் தூக்கும்போது வலிக்கும். முதல்முறை சலங்கை கட்டுவதற்கான சடங்கான சலங்கை பூஜைக்கு முன் பல ஆசிரியர்கள் அதைக் கட்ட விடமாட்டார்கள். அது போற்ற வேண்டிய வழக்கம். பூஜை முடிந்ததைக் கடையில் மாற்றவும் மனம் வராது. ஆகவே அளவையும் மணியையும் வாங்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஒத்திகையில் முதல் நாளிலிருந்தே சலங்கை வேண்டாம். அடவும் நிற்கும் இடமும் வெறுங்காலில் படியட்டும். மணிச் சத்தம் இருந்தால், முழங்கால் மடக்கிப் பாதி தாழ்ந்து நிற்கும் அரைமண்டி எழும்பிப் போவதும் தட்டு மெலிவதும் மறைந்துவிடும். அதற்காக மேடைக்கு முந்திய நாள் வரை தள்ளிப்போடுவதும் தவறு. கனம் ஏறியதும் குதிப்பு தாமதமாக இறங்கும், அடவுக் கோர்வையை முடித்துவைக்கும் தீர்மானத்தின் கடைசித் தட்டு பிந்தும். இது சரியாவதற்கு நாலைந்து முழு ஒத்திகையாவது வேண்டும். உடையோடும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். முழுக்கத் தாழ்ந்து உட்காரும் முழுமண்டியில் விசிறி மடிப்பின் ஜரிகை மணியின் பிளவில் சிக்கும் இடம் அப்போதுதான் தெரியும்; மடிப்பை ஒரு விரல் உயர்த்தித் தைத்தால் தீரும்.

ஆடி முடித்ததும் பிளாஸ்டிக் உறையில் திணிக்க வேண்டாம். தோல் பூஞ்சை பிடித்து, காய்ந்ததும் வெடிக்கும். துடைத்துக் காற்றாட வைத்துப் பருத்திப் பையில் போடுங்கள். பித்தளை கறுத்தது என்று புளி போட்டுக் கழுவுகிறவர்கள் உண்டு. தண்ணீர் பிளவு வழியாக உள்ளே போய் இரும்புக் குண்டு துருப்பிடிக்கும், மணி ஊமையாகும். உலர்ந்த துணியால் தேய்த்தால் போதும்.

மேடைக்குப் போகும் பையில் நைலான் நூல், கோணி ஊசி, நாலு உதிரி மணி, இரண்டு ஊக்கு இருக்கட்டும். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு மணியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். உதிர்ந்த மணி உருண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது, அடுத்து அதன்மேல் குதிக்கப்போவது இன்னொரு மாணவியின் வெறுங்கால்.