கேம் டிவிடியா, டிஜிட்டலா: ரெண்டையும் வாங்கிப் பாத்தவன் சொல்லுதேன்

பிசி கேம டிவிடியா வாங்கணுமா, ஸ்டீம்ல, அதான் நெட்டுலயே கேம் விக்குத கடையில, வாங்கணுமானு நம்ம ஊரு பயலுவ இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கானுவ. காலேஜ் படிச்ச காலத்துல இருந்து ரெண்டையும் வாங்கிப் பாத்தாச்சி, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன்.

அப்பல்லாம் பாளையங்கோட்டையில எங்க தெருவுக்கு வந்த ப்ராட்பேண்டு, மாசத்துக்கு இத்தன ஜிபினு லிமிட்டு, அதுக்கு மேல போனா ஸ்பீடு படுத்துரும். அதனால டிவிடிதான் வழி. ஜிடிஏ 5 பிசிக்கு 2015 ஏப்ரல்ல வந்தப்ப மொத்தம் 7 டிவிடி. ஒண்ணொண்ணா மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு இருக்கேன், பாதிக்கு மேல போனப்ப கரண்ட் போயிட்டு, எங்க வீட்டு இன்வெர்ட்டர்ல ரெண்டு ஃபேனு ஒரு லைட்டு மட்டும்தான் ஓடும், கம்ப்யூட்டர் ஓடாது, திரும்ப மொதல்ல இருந்து. அம்மா எட்டிப் பாத்துட்டு "ஏல, அது என்னல படம், இத்தன தட்டு?"ன்னாவ. ஆனா 60 ஜிபி கிட்ட டவுன்லோடு மிச்சம், அன்னைக்கு அது பெரிய விசயம், அத இல்லைங்க மாட்டேன்.

ஆனா டிஸ்க்கு மட்டும் இருந்தா கேம் தொறக்காது. பெட்டிக்குள்ள ஒரு சின்ன அட்டையில கோடு (code), அதாவது எழுத்தும் நம்பருமா ஒரு சாவி, இருக்கும், அத ஒரு தடவ அடிச்சா நம்ம அக்கவுண்ட்டோட ஒட்டிக்கிடும், அதுக்குப் பெறவு அந்த டிவிடி டவுன்லோடு மிச்சம் பண்ணுத சாமான், அவ்வளவுதான். இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல, 2004ல ஹாஃப்-லைஃப் 2 வந்தப்பவே பெட்டியா வாங்குனவனும் ஸ்டீம் அக்கவுண்ட்டு போட்டாத்தான் ஆட முடியும். 2015ல வந்த மெட்டல் கியர் சாலிட் 5 பிசி டிஸ்க்குல கேமே கெடையாது, ஸ்டீம் இன்ஸ்டாலர் மட்டும், சில எம்பி.

இது புரியாம மாட்டுனவன் என் கூட்டாளி ஒருத்தன். டவுன்ல ஒரு கடையில செகண்ட் ஹேண்டா பிசி கேம் வாங்கிட்டு வந்தான், கோட அடிச்சா ஏற்கனவே யூஸ் பண்ணுனதுனு வருது. ரெண்டு பேரும் போயி கேட்டோம். கடை அண்ணாச்சி டிஸ்க்க வெளிச்சத்துல திருப்பித் திருப்பிக் காட்டி "ஒரு கீறல் கெடையாது தம்பி, பாத்துதான குடுத்தேன்"ங்காரு. அவரு பொய் சொல்லல, அவருக்குப் பழக்கம் பிஎஸ்4, அதான் டிவில மாட்டி ஆடுத பிளேஸ்டேஷன், அதோட டிஸ்க்கு, அதுல டிஸ்க்குதான் சாவி, போட்டா ஓடும், விக்கலாம், அத்தான் வீட்டுக்குக் குடுத்து வாங்கலாம். பிசில கோடு போனா எல்லாம் போச்சி. துட்டு திரும்பி வரல.

இன்னும் பழைய டிஸ்க்குனா வேற தலவலி. சேஃப்டிஸ்க், செக்யூரோம்னு காப்பி பண்ண விடாம இருக்க ஒரு பூட்டு போட்டுருப்பாவ, அது விண்டோஸுக்குள்ள ரொம்ப ஆழமாப் போயி உக்காந்துக்கிடுத சமாச்சாரம், பாதுகாப்புக்கு ஆவாதுனு 2015ல விண்டோஸ் 10 வந்தப்ப அதுக்கு சப்போர்ட்டே இல்லாம ஆக்கிட்டாவ. டிஸ்க்கு பளபளனு இருக்கும், கேம் ஓடாது.

சரி, டிஜிட்டல்னா நம்மளுதானு கேட்டா அதுவும் இல்ல. 2014ல வந்த தி க்ரூ, நெட்டு இல்லாம ஓடாத கார் ரேஸ் கேமு, 2024 மார்ச் 31ல சர்வர நிப்பாட்டுனாவ, டிஸ்க்கு வெச்சிருந்தவனுக்கும் டிஜிட்டல்ல வாங்குனவனுக்கும் ஒரே கதி. 2024 அக்டோபர்ல இருந்து ஸ்டீமே துட்டு கட்டுத எடத்துல, நீங்க வாங்குதது லைசென்ஸுதான்னு எழுதிப் போட்டுட்டான். அதனால டிஸ்க்கா டிஜிட்டலாங்கதவிட, இந்த கேம் ஓடுததுக்கு யாரு கிட்ட அனுமதி கேக்குதுனுதான் நான் இப்ப பாக்குதேன்.

பாதி வெலைக்குக் கோடு விக்குத சைட்டு பக்கம் மட்டும் போயிராதிய. வண்ணார்பேட்டையில ஒரு தம்பி அப்படி வாங்கி நல்லாத்தான் ஆடிக்கிட்டு இருந்தான், ஒரு நாளு அவன் அக்கவுண்ட்டு லைப்ரரியில கேமே காணும். எவனோ திருட்டு கார்டுல மொத்தமா வாங்கி வித்த கோடா இருந்தா, கார்டுக்காரன் பேங்க்ல சொல்லித் துட்டத் திரும்ப வாங்குவான், கேம் கம்பெனி கோட கேன்சல் பண்ணிருவான், நடுவுல நாமதான் மாட்டுவோம்.

இப்ப ஃபைபர் வந்தாச்சி, 2015 கடைசியில இருந்து ஸ்டீம்ல ரூபாயிலயே வெல, யுபிஐல கட்டிரலாம், புடிக்கலைனா 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கு மேல ஆடாம இருந்தா ரீஃபண்டு. நான் பெரும்பாலும் சேல் வரும்போது அங்கனதான் வாங்குதேன். ஆனா ரொம்ப புடிச்ச கேம்னா ஜிஓஜிங்க இன்னொரு நெட்டு கடையில தேடுவேன், விட்சர் 3 மாதிரி. அங்க ஆஃப்லைன் இன்ஸ்டாலர எறக்கி ஹார்டு டிஸ்க்குல போட்டுக்கிடலாம், கோடும் கேக்காது, லாகினும் கேக்காது. போன லீவுல கல்லிடைக்குறிச்சி ஆச்சி வீட்டுல, டவரும் ஒழுங்கா எடுக்காது, அக்கா மவன் லேப்டாப்புல டிவிடி போடுத எடமே கெடையாது, ஹார்டு டிஸ்க்க சொருகி இன்ஸ்டால் பண்ணுனோம், சத்தமில்லாம ஓடிட்டு. என்னக் கேட்டா இதுதான் நெசமான ஃபிசிக்கல் காப்பி, அந்த 7 டிவிடி இல்ல.

ஸ்டீம்ல வாங்கும்போது அந்த கேமோட பக்கத்துல வலது கைப்பக்கம் ஒரு சின்னக் கட்டம் வரும், வேற கம்பெனி அக்கவுண்ட்டு வேணும், தேர்டு பார்ட்டி டிஆர்எம் (வேற கம்பெனி போட்ட காப்பி பூட்டு) இருக்குனு அதுல போட்டுருக்கும், நெறைய பேரு அத வாசிக்கவே மாட்டாவ.

பழைய டிவிடி பெட்டி வீட்டுல கெடந்தா பழைய பேப்பர்காரன் கிட்ட போட்டுறாதிய. சில பழைய கேமோட சீடி கீய, அதான் பெட்டியில அச்சடிச்ச கோட, ஸ்டீம் இன்னும் ஏத்துக்கிடும், மொத ஹாஃப்-லைஃப் அப்படித்தான், எல்லாத்தையும் ஏத்துக்காது. எழுத்து மங்கிப் போயி 8ஆ Bயானு தெரியலைனா, போன் டார்ச்ச சைடுல இருந்து அடிச்சி ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க, அச்சு விழுந்த தடம் கொஞ்சம் தெரியும்.