நாய் முகங்களும் ஆயில் பெயிண்டும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நாய்களை வரைய அக்ரிலிக், பாஸ்டல், வாட்டர் கலர் மூன்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். பல வருடங்களாக ஆயில் பெயிண்ட் மட்டும்தான். அது மெதுவாகக் காய்கிறது என்பதுதான் காரணம். நிறையப் பேர் அதைத் தொந்தரவு என்பார்கள். நாயின் முகபாவத்தைப் பிடிக்க வேண்டும் என்று உட்காருபவருக்கு அந்தத் தாமதம்தான் பெரிய துணை.

நாயின் பாவத்தில் பெரும்பங்கு கண்ணுக்கு மேலே, புருவத்தின் உள்முனையில் இருக்கிறது. உள்புருவத்தை மேலே தூக்கும் சிறு தசை ஒன்று நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களிடம் அது சில நார்களாக மட்டுமே இருக்கிறது என்று 2019இல் வெளியான ஓர் உடற்கூற்று ஆய்வு காட்டியது. ஏங்குவது, கெஞ்சுவது என்று நாம் சொல்லும் பார்வையில் அந்தத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஓவியத்தில் அது மயிரிழை அளவு சமாச்சாரம். இமையின் உள்முனை கொஞ்சம் உயர்ந்தால் நாய் எதையோ கேட்கும். அதே முனை தாழ்ந்தால் அதற்குத் தூக்கம் வந்துவிடும். அக்ரிலிக்கில் இதை யோசித்து முடிப்பதற்குள் பெயிண்ட் இறுகிவிடுகிறது. மேலே மேலே பூசித் திருத்தினால் இமை தடித்து, முகமே வீங்கியதுபோல் ஆகிவிடும். ஆயிலில் காலையில் வைத்த இமையைச் சாயங்காலம் ஓர் உலர்ந்த பிரஷால் லேசாகத் தள்ளிப் பார்க்கலாம். பிடிக்கவில்லையா, துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே ஆயிலின் மற்ற எல்லாத் தொல்லைகளையும் பொறுத்துக்கொள்வேன்.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம். அமைதியாக இருக்கும் நாயின் கண்ணில் வெள்ளை விழி அதிகம் தெரியாது. மனிதக் கண்ணைப்போல் இரு பக்கமும் வெள்ளை வைத்தால் நாய் மிரண்டுபோனதாகத் தோன்றும். ஒளிப்புள்ளியைச் சுத்த வெள்ளையில் வைக்காமல், துளி நீலம் கலந்து, மேல் இமையை ஒட்டி வைப்பது எனக்கு எப்போதும் கைகொடுக்கிறது. புகைப்படம் பார்த்து வரைபவர்கள் ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டும். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாக மின்னி, உண்மையான நிறம் போய்விடும். செல்போனை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பூதாகாரமாகிவிடும். தள்ளி நின்று, நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, ஜூம் செய்து எடுங்கள்.

சரி, பெயிண்டுக்கு வருகிறேன். கறுப்பு நாய்க்கு ட்யூபிலிருந்து நேராகக் கறுப்பைப் பூசினால் கேன்வாஸில் ஓட்டை விழுந்ததுபோல் இருக்கும். ஐவரி பிளாக் காய்வதற்கும் ரொம்ப நாள் எடுக்கும். நான் அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கலந்துகொள்கிறேன். வெளிச்சம் விழும் முதுகுப் பக்கம் நீலம் தூக்கலாக, நிழலில் பழுப்பு தூக்கலாக வைத்தால் அதே கறுப்புக்குள் ரோமத்தின் திருப்பம் தெரியும். அம்பரில் உள்ள மாங்கனீசு காய்வதையும் துரிதப்படுத்தும். வெள்ளையில் டைட்டானியம் போதும். ஸிங்க் வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்து விரிசல் விடும். பல கலப்பு வெள்ளைகளிலும் ஸிங்க் இருக்கும் என்பதால், லேபிளில் ஸிங்கின் குறியீடான பி.டபிள்யூ. 4 இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வாங்குகிறேன்.

ஆயில் பெயிண்டில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) ஆயில் மஞ்சளாகும் என்பது உண்மைதான். வெள்ளை நாய் ஓவியம் ஒன்று நெடுநாள் இருட்டான அலமாரியில் இருந்து நன்றாகவே மஞ்சள் பூத்திருந்தது. வெளிச்சமான அறையில் மாட்டிவைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இப்போது வெளிர் ரோமத்தின் மேல் அடுக்குகளுக்கு வால்நட் ஆயில் சேர்க்கிறேன். காய நேரம் எடுத்தாலும் மஞ்சளாவது குறைவு. அடி அடுக்குகள் மட்டும் சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காக பெயிண்டோடு கலக்கும் லிக்வின் என்ற கலவையைப் பயன்படுத்துகிறேன். மெல்லியதாகப் பூசினால் ஒரு நாளில் தொட்டுப் பார்க்கலாம். கீழே எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம் என்ற பழைய விதியை மீறினால் மேலடுக்கில் விரிசல் விழும்.

ரோமத்துக்கென்று விற்கும் விசிறி பிரஷ் என் கையில் நிலைக்கவில்லை. அது எல்லா ரோமத்தையும் ஒரே மாதிரி சீவிவிடுகிறது. நுனி வளைந்த தட்டையான பன்றிமுடி ஃபில்பர்ட் பிரஷ் ரோமம் வளரும் திசையில் போனால் போதும். ஓரங்களில் மட்டும் ஈரத்தோடு ஈரமாக இழுத்து மென்மையாக்கினால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும். ஸ்பானிய ஓவியர் கோயா 1819க்கும் 1823க்கும் இடையில் தன் வீட்டுச் சுவரில் தீட்டிய நாயை இதற்காகவே அடிக்கடி பார்க்கிறேன். இப்போது அது மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் தலை மட்டும்தான் தெரியும், ரோமம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தலை அண்ணாந்திருக்கும் கோணமும் அந்தக் கண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன. மீசை மயிருக்கு நீண்ட மெல்லிய முடியுள்ள ரிக்கர் பிரஷ், நீர்க்கக் கரைத்த பெயிண்ட், ஒரே வீச்சு. அதுவும் கடைசியில், நாலைந்து போதும்.

கேன்வாஸைப் பொறுத்தவரை சிறிய ஓவியத்துக்கு வழவழப்பான பலகையோ நெசவு நெருக்கமான லினனோ நல்லது. சொரசொரப்பான பருத்தித் துணியில் இமைக்கோடு உடைந்து உடைந்து வரும்.

வீட்டில் நாய் இருந்தால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். டர்பன்டைன் அவற்றுக்கு விஷம். ஆகவே நான் பிரஷ்ஷை எண்ணெயில் துடைத்துவிட்டு சோப்பால் கழுவுகிறேன். எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்துவைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள். ஈர ஓவியம் வால் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். உதிர்ந்த முடி ஒட்டினால் பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே ட்வீஸரால் எடுத்துவிடலாம், தடம் மிஞ்சாது.

சில வாரங்களில் கறுப்புப் பகுதிகள் மங்கித் திட்டுத்திட்டாகத் தெரியும். எண்ணெய் அடியில் உறிஞ்சப்படுவதால் வருவது அது. மேலே தொடர்ந்து வரைவதாக இருந்தால் மட்டும் துளி எண்ணெயை அந்த இடத்தில் தேய்த்து, மீதியைத் துடைத்துவிடுவேன். முடிந்த ஓவியம் என்றால் வார்னிஷ் பார்த்துக்கொள்ளும். வழக்கமான வார்னிஷ் என்றால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும். கறுப்பு நாய்க்குப் பளபளப்பான வார்னிஷ்தான் என் தேர்வு, கண்ணின் ஆழம் திரும்ப வந்துவிடும். மேட் வார்னிஷ் அடர் நிறங்களைச் சாம்பலாக்கிவிடுகிறது. வெளிர் நிற நாய்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட சாட்டின் போதுமானது.